தண்ணீர் எங்கே போகிறது?



நம் சங்க உறுப்பினர்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி இல்லாதவர்கள் இன்று குறைவு. ஒரு காலத்தில் மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு வர மாட்டு வண்டியையும் லாரி செட்டையும் நம்பியிருந்தோம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. முக்கால் டன் ஏற்றும் சின்ன வண்டியைத் தவணையில் எடுத்து வாசலில் நிறுத்திக்கொண்டோம். ஆனால் கல்லாவைக் கவனிப்பதுபோல் வண்டியை நாம் கவனிப்பதில்லை. டீசல் போடுகிறோம், டயரைப் பார்க்கிறோம். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டதால் எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அதன்பின் எஞ்சின் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது, வீட்டு வாசலிலேயே காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, எதை நாமே சரிசெய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும் என்று பார்ப்போம். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

எங்கள் கடையில் நடந்தது

2017-ஆம் ஆண்டு சித்திரை மாதம். கொடைக்கானலில் சீசன் நேரம். வத்தலக்குண்டிலிருந்து மலைக்கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பும் எங்களுக்கு ஓய்வில்லாத நாட்கள். எங்கள் சின்ன வண்டிக்கு வயது ஆறு. இரண்டு மாதமாகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. டிரைவர் தம்பி தினமும் காலையில் கடைக் குழாயிலிருந்து ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பிடித்து ஊற்றுவார். எங்களிடமும் இரண்டு முறை சொன்னார். "சீசன் முடியட்டும் தம்பி, பட்டறைக்கு விடலாம். அதுவரைக்கும் ஊத்திக்கிட்டுப் போ" என்றோம்.

அன்று 50 கிலோ மூட்டை 15 ஏற்ற வேண்டிய வண்டியில் 22 ஏற்றியிருந்தோம். டம்டம் பாறை தாண்டியதும் தம்பி போன் செய்தார். முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது என்றார். பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் போகச் சொன்னோம். அரை மணி கழித்து மறுபடியும் போன். "முள்ளு இறங்கிருச்சு முதலாளி" என்றார். நாங்கள் மகிழ்ந்துபோனோம். "அப்பச் சரி, சீக்கிரம் போ. கடைக்காரர் ரெண்டு தடவை கேட்டுட்டார்" என்றோம்.

முள் இறங்கியது எஞ்சின் குளிர்ந்ததால் அல்ல. தண்ணீர் முழுவதும் தீர்ந்து, சூட்டை அளக்கும் கருவி வெறும் காற்றில் நின்றதால் இறங்கியது. இது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பெருமாள்மலைக்குச் சற்று முன்பு வண்டி இழுவை இழந்து நின்றது. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் தம்பி ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே மிச்சமிருந்த தண்ணீரும் ஆவியும் அவர் கையிலும் கழுத்திலும் அடித்தன. பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல எண்ணத்தில் பற்பசை தடவிவிட்டார்கள். அதைக் கழுவி எடுப்பதற்கே ஆஸ்பத்திரியில் பெரும்பாடாகிவிட்டது. 12 நாள் படுக்கையில் இருந்தார்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்துப் பார்த்ததில் ஹெட் வளைந்திருந்தது, கேஸ்கட் கருகியிருந்தது, ரேடியேட்டரின் பாதிக் குழாய்களில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. பட்டறைச் செலவு 41,000 ரூபாய். இதற்கெல்லாம் தொடக்கம் எது என்று கேட்டோம். மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைக் கையில் கொடுத்தார். அதன் ரப்பர் வெடித்துப்போயிருந்தது. புது மூடியின் விலை அன்றைக்கு 200 ரூபாய்க்குள்தான்.

மெக்கானிக் கேட்டார்: "அண்ணாச்சி, கடையில தினமும் ஒரு கிலோ சீனி கணக்குல குறைஞ்சா, தினமும் ஒரு கிலோ கொண்டுவந்து கொட்டிக்கிட்டு இருப்பீங்களா? எங்க போகுதுன்னு பார்ப்பீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை.

எஞ்சினுக்குள் தண்ணீரின் வேலை

நாம் போடும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விட வேண்டும். தண்ணீரைத் தள்ளுவது வாட்டர் பம்ப். எஞ்சின் தக்க சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி, பிறகு வழி திறப்பது தெர்மோஸ்டாட். இது பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். வண்டி மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் காற்றை இழுத்துத் தருவது ஃபேன்.

இவற்றோடு ரேடியேட்டர் மூடிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது வெறும் மூடி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டு பிரஷர் குக்கரை எண்ணிப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் 120 டிகிரியை எட்டுகிறது. ரேடியேட்டர் மூடியும் இதையே செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் காக்கிறது. குக்கரின் ரப்பர் போனால் ஆவி ஓரத்தில் வெளியேறுவதுபோல, மூடியின் ரப்பர் போனால் தண்ணீர் கொதித்து வெளியேறிவிடும்.

மலைக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவில்லை என்று மலைக்கடைக்காரர்கள் நம்மிடம் குறை சொல்வது இதனால்தான். எஞ்சின் வழக்கமாக ஓடுவதே 90 டிகிரியை ஒட்டி. மூடி கெட்ட வண்டி மலை ஏறினால், கொதிப்பதற்கு இடைவெளி இரண்டு மூன்று டிகிரிதான்.

முள் ஏறினால் வழியில் செய்ய வேண்டியது

ஏ.சி. ஓடினால் நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுவதும் திறந்துவிடுங்கள். உள்ளே வெக்கையாக இருக்கும், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். பத்திரமான இடம் பார்த்து உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி வந்தால் அது அடங்கும்வரை பானெட்டையோ, எஞ்சின் மேல் உள்ள சீட்டையோ தூக்க வேண்டாம்.

மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. துணி சுற்றினாலும் கூடாது, கையுறை போட்டாலும் கூடாது. முக்கால் மணி, ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பைப்பைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிந்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கும். முள் திடீரென்று கீழே இறங்கினாலும் நம்ப வேண்டாம். நிறுத்தித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும்வரை அதைக் கெட்ட செய்தியாகவே கொள்ளுங்கள்.

யாருக்காவது வெந்துவிட்டால், வெந்த இடத்தில் சாதாரணக் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பற்பசை, மை, நெய், எண்ணெய் எதுவும் தடவக்கூடாது.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

டிரைவரிடம் முதலில் இதைக் கேட்க வேண்டும். காரணத்தின் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

கடைவீதி நெரிசலில் சூடாகி, ஓட்டத்தில் குறைந்தால் ஃபேன் வேலை செய்யவில்லை என்று பொருள். நெரிசலில் ஒன்றும் இல்லை, ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்க் குறைவு, பம்பு தேய்வு இவற்றில் ஒன்றாக இருக்கும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் மேலே போனால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முக்கால் டன் வண்டியில் ஒரு டன் ஏற்றி மலைக்கு அனுப்பினால் குறையில்லாத எஞ்சினும் சூடாகும். மேல் கியரில் திணறவிட்டு ஓட்டினாலும் அப்படியே. ஏற்றத்தில் கியரைக் குறைத்து நிதானமாக ஏற வேண்டும்.

வாசலிலேயே பார்க்க வேண்டியவை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் விடியற்காலைதான் இதற்கு நேரம். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் எஞ்சின் அணைந்திருந்தாலும் மின்சார ஃபேன் தானாகச் சுற்றக்கூடும்.

1. முதல் நாள் இரவே ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். நம் கடைகளில் அட்டைக்குப் பஞ்சமில்லை. காலையில் ஈரம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் ஒழுகும் இடம் தெரியும். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஒரு திருப்புளியே போதும். ஹோஸ் உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, அழுத்தினால் கொழகொழவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

2. மூடியைத் திறந்து ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். பழைய மூடியில் எழுதியுள்ள அழுத்த அளவே புதியதிலும் இருக்க வேண்டும். ரிசர்வ் டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால் மூடியின் மேல்தான் முதல் சந்தேகம். நல்ல மூடி, எஞ்சின் ஆறும்போது டப்பாவில் உள்ள தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும். கெட்ட மூடி இழுக்காது. சில வண்டிகளில் ரேடியேட்டரின் மேல் மூடி இருக்காது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் மூடியே இந்த வேலையைச் செய்யும்.

3. ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பூச்சி, வைக்கோல், சாக்குத் தூசி அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

4. பம்பை ஓட்டும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்வு இருந்தாலோ, உள்பக்கம் வெடிப்பு இருந்தாலோ கவனிக்க வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஈரமோ, தண்ணீர் வழிந்து காய்ந்த தடமோ தெரிந்தாலும், ஓடும்போது அங்கிருந்து கரகரவென்று சத்தம் வந்தாலும் பம்பு மாற்றும் காலம் வந்துவிட்டது.

5. மின்சார ஃபேன் உள்ள வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, முள் வழக்கமான இடத்துக்கு வந்து சற்று நேரத்தில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏ.சி. உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. போட்டதும் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல நேரங்களில் சில ரூபாய் ஃபியூஸோடு வேலை முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் ரிலே, சுவிட்ச், மோட்டார் என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

6. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றத் தெரிந்தவர்கள், சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பார்க்கலாம். கொதி வருவதற்குள் அது வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

பழைய அம்பாசடர் காலத்தில் சூடு என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. கேட்காதீர்கள். எஞ்சின் தக்க சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

எது நம் கையில் இல்லை

வெளியே எங்கும் ஒழுகவில்லை, மூடியும் நல்லது, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் அது எஞ்சினுக்குள்ளேயே போகிறது. எஞ்சின் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறியிருந்தாலும், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலும், குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி கிளப்பியதும் ரேடியேட்டரில் குமிழ் ஓயாமல் வந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இதற்கு மேல் வண்டியைக் கிளப்பாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். பல வண்டிகளில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். சூடு அளவு மீறும்போது ஹெட் வளைவதற்கு அதுவே காரணம். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

நாங்கள் இரண்டு மாதம் ஊற்றியது போர் தண்ணீர். டீக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர்க் குழாய்களிலும் படியும். ஊற்ற வேண்டியது கூலன்ட். கடைகளில் கூலன்ட் ஆயில் என்று கேட்டு வாங்குகிறோம், ஆனால் அது ஆயில் அல்ல. துருவையும் படிவையும் தடுக்கும், கொதிநிலையையும் சற்று உயர்த்தும். கலந்தே வருவதும் உண்டு, கலக்க வேண்டியதும் உண்டு. டப்பாவில் போட்டுள்ள அளவுப்படி டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்குங்கள், வெவ்வேறு வகைகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம். மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடி எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறி முடிந்ததும் நிரப்பி மூடுங்கள்.

பலசரக்குக் கடைக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் கொடிய விஷம். மிச்சத்தை எண்ணெய் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிக் கடைக்குள் வைக்காதீர்கள். கீழே சிந்தியதையும் குழந்தைகள், நாய், மாடு தொடாதபடி கழுவிவிடுங்கள்.

இப்போது எங்கள் வழக்கம்

கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டிக்கு ஒரு கணக்கு எழுதுகிறோம். எந்தத் தேதியில் எவ்வளவு கூலன்ட் ஊற்றினோம் என்பது அதில் இருக்கும். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை ஊற்ற நேர்ந்தால் அன்றே அட்டையை விரிக்கிறோம். மலைக்குப் போகும் வண்டியில் 15 மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை.

டிரைவர் தம்பி இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். கையில் தழும்பு இருக்கிறது. இப்போதெல்லாம் முள் பாதிக்கு மேல் ஏறினால் எங்களைக் கேட்டு நிறுத்துவதில்லை, நிறுத்திவிட்டுத்தான் போன் செய்கிறார். "ஓரங்கட்டிட்டேன் முதலாளி" என்பார். "நல்லது தம்பி, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, சரக்கு தாமதமாக வரும் என்று கடைக்காரருக்கு நாங்களே தெரிவித்துவிடுகிறோம். அதற்காக எங்களிடம் சரக்கு வாங்குவதை விட்ட கடைக்காரர் இதுவரை ஒருவர்கூட இல்லை.